பிரேக் கேபிளுக்கும் வயசு இருக்கு



போன கிழமை ஸ்கூல் விட்டு நாங்க, உம்மாவும் மகளுமா, ஸ்கூட்டியில் வந்துகொண்டிருந்தோம். அறுகம்பே பாலத்தை விட்டு இறங்கும்போது முன்னால் போன த்ரீவீலர் திடீரென்று நின்றது. பின் பிரேக்கைப் பிடித்தோம். பிடி ‘டக்’ என்று கைப்பிடியோடு ஒட்டிக்கொண்டது, வண்டி நிற்கவில்லை. முன் பிரேக்கைப் பிடித்து, வீதியோர மணலுக்குள் விட்டுத்தான் நின்றோம். அல்ஹம்துலில்லாஹ், ஒரு கீறலும் இல்லை. மகள் இடுப்பைப் பிடித்த பிடியை விடத்தான் வெகு நேரமானது.

மெக்கானிக் காக்கா கேபிளை உருவிக் காட்டினார். வெளி உறை புதுசு போலவே இருந்தது. உள்ளே இருந்த கம்பி, சில்லுப் பக்கம் மண்ணிறப் பொடியாக உதிர்ந்தது. “டீச்சர், இது இண்டைக்கு அறுந்ததில்ல. ஒவ்வொரு இழையா எப்பவோ அறுந்து வந்திருக்கு” என்றார்.

உண்மையில் அது எங்களுக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தது. ஒரு மாதமாகப் பிரேக் இறுக்கம். விட்டால் பிடி மெதுவாகத்தான் திரும்பும். எண்ணெய் விட்டோம், பரீட்சை வேலை முடியட்டும் என்று தள்ளிப்போட்டோம். பிழை எங்களுடையதுதான்.

அன்றிரவு மகள் கேட்டாள்: “உம்மா, பிளேன்லயும் இப்படிக் கேபிளா?” தேடிப் பார்த்தோம். ஓம், சின்ன விமானங்கள் பலவற்றில் விமானியின் கைக்கும் வாலுக்கும் இடையில் இருப்பது உருக்குக் கேபிள்தான். ஒரு வகையில் 7 புரி, புரிக்கு 19 இழை, மொத்தம் 133. ஒன்று அறுந்தால் மற்றவை தாங்கும். அதனாலேயே பழுது வெளியே தெரியாது. கேபிளின் மேல் துணியை ஓட்டிப் பார்ப்பார்களாம், அறுந்த இழை இருந்தால் துணி மாட்டும். உள்ளே பிடித்த துரு துணியில் மாட்டாது. கேபிளைத் தளர்த்தி வளைத்துப் பார்க்க வேண்டும்.

அவுஸ்திரேலியாவில் 2015இல் ஒரு விதி வந்தது. குறிப்பிட்ட வகை ஸ்டெயின்லஸ் ஸ்டீல் முனை பொருத்திய முக்கியக் கட்டுப்பாட்டுக் கேபிளை 15 வருடத்தில் கழற்றிவிட வேண்டும், பார்க்க நன்றாக இருந்தாலும் சரி. உப்பு, ஈரம், இழுவை மூன்றும் சேர்ந்தால் துருப்பிடிக்காது என்று பெயரெடுத்த உலோகமும் விரிசல் விடும்.

அமெரிக்காவில் வீட்டிலேயே விமானம் கட்டிப் பறப்பவர்களும் இருக்கிறார்கள். வருடம் ஒரு சோதனை கட்டாயம். கட்டியவரே சான்றிதழ் பெற்று, தானே சோதித்துக் கையெழுத்து வைக்கலாம். கேபிளை எப்போது மாற்றுவது என்பது பெரும்பாலும் அவர் மனச்சாட்சிக்கு விட்டது.

நம்முடைய நிலையும் அதுதான். வருட லைசன்ஸுக்குப் புகை பார்ப்பார்கள். கேபிளை உருவிப் பார்க்க யாரும் வரமாட்டார்கள். நமக்கோ வாடைக்காற்றில் யன்னல் கம்பியே துருப்பிடிக்கிற ஊர். அலைச்சறுக்குப் பலகையை வண்டியில் கொழுவி வருகிற தம்பிமாரே, அதிலிருந்து வடிகிற கடல் தண்ணீர் எங்கே விழுகிறது என்று பாருங்கள். ஸ்கூட்டி வாடகைக்கு விடுகிற காக்காமாரே, வெளியூர்ப் பிள்ளைகளின் உயிரும் அமானிதம்தான்.

நாங்க வீட்டுக்கு வைத்துக்கொண்ட சட்டம் இதுதான்:

கடற்கரை போய் வந்தால் நல்ல தண்ணீரில் கழுவுவது.
மாதம் ஒருமுறை கேபிளின் இரண்டு முனையிலும் இழை பிரிந்திருக்கிறதா என்று பார்ப்பது.
பிடி இறுகினால் எண்ணெயோடு விடாமல் மெக்கானிக்கிடம் உருவிக் காட்டுவது.
நல்லா இருந்தாலும் 2 வருடத்தில் மாற்றுவது. மாற்றிய திகதியை எழுதி சீட்டுக்குக் கீழே ஒட்டியிருக்கிறோம்.

கேபிளும் கூலியும் சேர்த்து ஒரு கோழி வாங்குகிற காசுதான் போனது.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பவர்கள் நாங்க. எங்கட ஒட்டகத்தின் கயிறு உள்ளுக்குள் உக்கியிருந்ததை நாங்களே பார்க்கவில்லை.

நாளைக் காலையில் பிள்ளையை ஏற்றுவதற்கு முன் இரண்டு பிடியையும் ஒருக்கா அமத்திப் பாருங்கள். அப்படியே பிள்ளையின் சைக்கிளையும்.