மாசி வீதியில் பன்னிரண்டு நாட்கள்

திருத்தல யாத்திரை புறப்படும் முதியவர்கள் முதலில் தரிசன நேரத்தை விசாரிப்பார்கள். அடுத்து வண்டி நேரத்தை விசாரிப்பார்கள். எந்த வீதியில் தங்குவது என்பதைக் கடைசியில்தான் நினைப்பார்கள். ஒருநாள் தரிசனத்துக்கு அது போதும். பன்னிரண்டு நாள் திருவிழாவைக் கண்குளிரக் காண விரும்புவோர்க்கோ அதுவே முதல் கேள்வியாகிறது.

சேலத்தை அடுத்த பனமரத்துப்பட்டியில் அரளியும் குண்டுமல்லியும் பயிரிட்டு வாழும் ஒரு முதிய தம்பதியருக்கு இக்கேள்வி எழுந்தது. பெரியவருக்கு வயது 76, அம்மையாருக்கு 71. விடியுமுன் எழுந்து பூப்பறித்துச் சேலம் பூ மார்க்கெட்டுக்கு அனுப்பியே நாற்பது ஆண்டுகள் கழிந்தன. பூக்கள் எத்தனையோ கோயில்களுக்குச் சென்றன. தோட்டத்தை விட்டு அவர்களால் செல்ல இயலவில்லை. மணமான புதிதில் ஒருமுறை மதுரைத் தேரோட்டத்தைக் கண்டதோடு சரி. இப்போது அம்மையாரின் முழங்கால்கள் தேய்ந்துவிட்டன. சித்திரைத் திருவிழா முழுவதையும் ஒருமுறையேனும் காணவேண்டும் என்ற அவருடைய ஆசையை இனியும் ஒத்திப்போடலாகாது என்று பெரியவர் துணிந்தார்.

அம்மையாருக்குச் சர்க்கரை நோயும் உண்டு. பன்னிரண்டு நாட்கள் உணவகச் சாப்பாடு ஒத்துவராது. ஆகவே, சமையலறையோடு கூடிய வீடு ஒன்றை நாள் வாடகைக்கு எடுக்க முடிவாயிற்று. எங்கே எடுப்பது என்பதில்தான் கருத்து வேறுபட்டது. கோபுரம் தெரியும் மேல்மாடி வீடு வேண்டும் என்றார் பெரியவர். “அப்பா, வைகைக்கு வடக்கே அண்ணா நகரில் பாருங்கள், லிஃப்ட் இருக்கும், கார் நிறுத்த இடம் இருக்கும், மருத்துவமனையும் பக்கம்” என்றாள் மகள். அம்மையார் கேட்டது ஒன்றே: “ஏனுங்க, அந்தத் தெருவுக்கு மீனாட்சி வருவாளா?”

மதுரையின் அமைப்பை அறிந்தோர்க்கு அந்தக் கேள்வியின் ஆழம் புரியும். கோயிலை நடுவாகக் கொண்டு, சதுரத்துக்குள் சதுரமாக வீதிகள் அமைந்த நகரம் அது. மதிலுக்கு உள்ளே ஆடி வீதிகள். மதிலை ஒட்டிச் சித்திரை வீதிகள். அடுத்து ஆவணி மூல வீதிகள். அதற்கும் அப்பால் மாசி வீதிகள். கோட்டைச் சுவர் இருந்த எல்லையில் வெளி வீதிகள். சித்திரைத் திருவிழாவில் சுவாமியும் அம்மனும் உலா வருவது பெயருக்கேற்பச் சித்திரை வீதிகளில் அன்று, மாசி வீதிகளில்தான். மாசி மாதத்தில் நடைபெற்று வந்த விழாவைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றினார் என்பது வரலாறு. மாதம் மாறிற்று, வீதி மாறவில்லை.

இதை அறிந்ததும் பெரியவர் தம் விருப்பத்தை விட்டார். மேல்மாடியில் கோபுரம் தெரியும். ஆனால் சித்திரை வெயிலில் கான்கிரீட் தளத்தின் சூடு இறங்கும். தேர் செல்லும் வீதிகளில் பாதுகாப்புக்காக மின்சாரத்தை நிறுத்துவது வழக்கம் என்பதால், லிஃப்டையும் அன்று நம்ப இயலாது. அண்ணா நகரில் வசதி உண்டு. ஆனால் விழா நாட்களில் ஆட்டோ பாதி வழியிலேயே நின்றுவிடும். மீதி வழியை அந்த முழங்கால்கள் தாங்கா.

முடிவில், இராமாயணச் சாவடியும் கிருஷ்ணன் கோயிலும் உள்ள வடக்கு மாசி வீதியில், தரைத்தளத்தில் ஒரு சிறு வீடு அமைந்தது. வாசலில் இரண்டே படிகள். இரவெல்லாம் ஓசை, கொசுவும் உண்டு. வாடகையும் குறைவன்று. ஆயினும் வாசலில் ஒரு நாற்காலி இட்டு அமர்ந்தால், பெரும்பாலான நாட்களில் காலையும் இரவும் அன்னையே எதிரில் எழுந்தருளினாள். எட்டாம் நாள் பட்டாபிஷேகம் நிறைவுற்று மதுரைக்கு அரசியாக வந்தாள். ஒன்பதாம் நாள் திக்விஜயத்துக்குப் புறப்பட்டு வந்தாள்.

பத்தாம் நாள் திருக்கல்யாணம். கூட்ட நெரிசலில் கோயிலுக்குள் செல்ல அம்மையாரால் இயலவில்லை. தொலைக்காட்சியில் மங்கல நாண் பூட்டுவதைக் கண்டு, தாமும் புதுத் தாலிக்கயிறு மாற்றிக்கொண்டார். அன்றிரவு ஈசன் யானை வாகனத்திலும், அன்னை பூம்பல்லக்கிலும் மணக்கோலத்தில் வீதிக்கு வந்தார்கள். நாற்பது ஆண்டுகள் பூப்பறித்த கரங்கள் குவிந்தன. பல்லக்கின் பூக்களைப் பார்த்தபடியே அவர் கண்ணீர் வடித்தார். மறுநாள் தேரும் அதே வாசலைக் கடந்து சென்றது.

அழகர் ஆற்றில் இறங்கும் வைபவத்தை மட்டும் அவர்கள் காணவில்லை. வைகையில் திரளும் கூட்டம் முதியவர்கள் தாங்கத்தக்கதன்று. 2022ஆம் ஆண்டு அந்நெரிசலில் இருவர் உயிரிழந்தனர். தனியே சென்றுவரப் பெரியவர் எழுந்தார். மனைவியின் முகத்தைக் கண்டு அமர்ந்துவிட்டார். அந்தக் குறை நீடிக்கவில்லை. அழகர் உடனே மலை ஏகுவதில்லை. சில நாட்கள் மண்டகப்படிதோறும் எழுந்தருளி அருள்வார். வீட்டை மேலும் சில நாட்களுக்குக் கேட்டுப் பெற்று, அவர் திரும்பும் வழியில் தல்லாகுளத்தில் பூப்பல்லக்கில் இருவரும் சேர்ந்தே சேவித்தனர்.

திருவிழாவுக்காக வீடு தேடும் அன்பர்கள் சிலவற்றை முன்கூட்டியே கேட்டறிவது நலம். உலா எந்த வீதி வழியே வருகிறது? வாசலில் எத்தனை படிகள்? உட்கார்ந்து எழ வசதியான கழிவறை உண்டா? தேரன்று ஆட்டோ எதுவரை வரும்? அவசரத்துக்கு மருந்துக்கடையும் மருத்துவரும் எவ்வளவு தொலைவில்? வீட்டில் எவருடைய கால் மிகத் தளர்ந்ததோ, அவருடைய நடையைக் கொண்டே தூரத்தை அளக்க வேண்டும்.

சந்நிதிக்கு வர இயலாத முதியோர்க்கும் நோயுற்றோர்க்கும் அருள்புரியவே இறைவன் வீதியுலா வருகிறான் என்பர் பெரியோர். அவன் வரும் வழியில் ஓர் இடத்தைத் தேடி அமர்ந்திருப்பதும் வழிபாடே.