நிற்கத் தெரிந்த வண்டி

"ஆழம் தெரியாம காலை விடாதேன்னு சொல்வாங்க. பிரேக் தெரியாம ஆக்சிலேட்டர்ல காலை விடாதே" என்பார் என் சித்தப்பா. அவர் திண்டிவனத்தில் கார் மெக்கானிக்.

காலாண்டு லீவுக்கு நான் அங்கே போயிருந்தேன். என் அண்ணன் அவரிடம் வேலை பழகுகிறான். எனக்கு டார்ச் பிடிக்கிற வேலை.

விழுப்புரத்திலிருந்து ஒருவர் பழைய மாருதி 800 கொண்டு வந்து விட்டிருந்தார். டிராக் ரேஸ் ஓட்ட ஆசையாம். நேர்கோட்டில் 402 மீட்டர், யார் முதலில் போகிறார் என்பதுதான் போட்டி. "முன்னாடி டிஸ்க் இருக்கு. பின்னாடி டிரம்மை எடுத்துட்டு அங்கேயும் டிஸ்க் போடுங்க" என்றார்.

சித்தப்பா சிரித்தார். "பிரேக் அடிச்சா வண்டியோட பாரம் முன்னாடி சாயும். பின்பக்கம் லேசாயிடும். அங்க பிரேக் ரொம்ப பலமா இருந்தா பின்சக்கரம் பூட்டிக்கும், வண்டி சுத்திடும். இருக்கிற டிரம்மை முதல்ல சரி பண்ணுவோம்."

தோழிகளே, இங்கே நான் ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். முந்தின இரண்டு ராத்திரியும் அண்ணன் அந்தக் காரை எடுத்துக்கொண்டு பைபாஸில் வேகம் பார்க்கப் போனான். "சித்தப்பா கிட்ட சொல்லாதே" என்று எனக்குக் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தான். நானும் சொல்லவில்லை.

வலதுபக்க டிரம்மைக் கழற்றியதும் சித்தப்பா முகம் மாறிவிட்டது. வீல் சிலிண்டர் கசிந்து, பிரேக் ஷூ முழுக்க ஆயில்! அந்தச் சக்கரம் பிடிக்கவே பிடிக்காது. வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். "இதை யாராவது ஓட்டினீங்களா?" என்றார்.

அண்ணன் தலை குனிந்தான். என் கையில் டார்ச் ஆடியது. 60 கிலோமீட்டர் வேகத்தை விட 120-ல் போகும் வண்டியை நிறுத்த நாலு மடங்கு சக்தியைப் பிரேக் தாங்க வேண்டும். சூடானால் டிரம் விரிந்து பிடிப்பும் குறையும். சித்தப்பா சொல்லித்தந்த இதெல்லாம் அப்போது மனசில் ஓடியது. நான் சொல்லிவிட்டேன்.

சித்தப்பா அடிக்கவில்லை. நனைந்த ஷூவை அண்ணன் கையில் வைத்து, "இதை நம்பியா போன?" என்று மட்டும் கேட்டார்.

இரண்டு நாள் அண்ணன் என்னோடு பேசவில்லை. அதற்குள் டிரம்மை லேத்தில் கடைந்தார்கள். எவ்வளவு வரை கடையலாம் என்ற அளவு டிரம்மிலேயே இருக்கிறது. இரண்டு பக்கமும் புது ஷூ, புது சிலிண்டர் போட்டார்கள். கடைசியில் குழாயிலுள்ள காற்றை எடுக்க வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். நான் பெடலில் உட்கார்ந்தேன், அண்ணன் சக்கரத்தடியில்.

"அமுக்கு... பிடி... விடு." இரண்டு நாளில் அவன் என்னிடம் பேசிய முதல் வார்த்தைகள்! முதலில் பஞ்சு மாதிரி அமுங்கிய பெடல், கடைசியில் கல் மாதிரி நின்றது. "போதும் பாப்பா" என்றான்.

ரேஸ் ஓட்ட இடம் இருக்கிறது. ஒரு காலத்தில் சோழவரம் விமான ஓடுதளத்தில் ஓட்டினார்கள். 1990 முதல் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் தளம் இருக்கிறது. பைபாஸ் அதற்கில்லை. அங்கே நம்ம அப்பாக்கள் சைக்கிளில் போகிறார்கள்.

நீங்களும் யாருக்காவது ரகசியம் காக்கிறீர்களா? அது உயிர் சம்பந்தப்பட்டது என்றால் சொல்லிவிடுங்கள். இரண்டு நாள் பேசமாட்டார்கள், அவ்வளவுதான்.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி