கொல்லை வாசல்

போன ஆடியில் மண்டபத்துக்கு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். கச்சான் காற்று கதவை அறைந்துகொண்டிருந்தது. இரவு 11 மணிக்கு அக்கா மகன் கம்ப்யூட்டர் முன்னால் பேயறைந்தவன்போல் உட்கார்ந்திருந்தான்.

"40 மெஷினும் போச்சு, மாமா. ஆனால் ஒரு பிழையும் காட்டவில்லை."

அவன் பார்த்துக்கொள்பவை விர்ச்சுவல் மெஷின்கள். ஒரே பெரிய கம்ப்யூட்டருக்குள் பல கம்ப்யூட்டர்கள். நம் ஒண்டுக்குடித்தனம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் நெட்வொர்க் அடாப்டர் என்ற வாசல். வாசல்களைப் புதுத் தெருவுக்குத் திருப்ப வேண்டும். கையால் செய்தால் விடிந்துவிடும் என்று பவர்சிஎல்ஐயில் நாலு வரி எழுதி ஓட்டிவிட்டான்.

"ஒரு வீட்டுக்கு எத்தனை வாசல்?" என்று கேட்டேன். எனக்குக் கேட்கத் தெரிந்தது அவ்வளவுதான்.

அவன் நிமிர்ந்தான். இரண்டு. முன்வாசல் ஜனங்களுக்கு, கொல்லை வாசல் நிர்வாகத்துக்கு. 'கெட்-நெட்வொர்க்அடாப்டர்' என்று மொட்டையாகக் கேட்டால் இரண்டையும் கொண்டுவந்து நிறுத்தும். எது என்று பெயர் சொல்லாததால் இரண்டுமே புதுத் தெருவுக்குப் போய்விட்டன. மாற்றுமுன் "நிச்சயமா?" என்று அது கேட்குமாம், 40 தடவை பதில் சொல்லச் சோம்பல்பட்டு இவன்தான் அதன் வாயைக் கட்டியிருந்தான்.

கொல்லை வாசல்கள் முன்பு வெவ்வேறு தெருவில் இருந்தவை. எது எங்கே என்று குறித்து வைக்கவில்லை. நல்லவேளை, எதற்கோ எடுத்த போன மாதப் பட்டியல் அகப்பட்டது. அதை வைத்துத் திருப்பினான். முதலில் 'வாட்இஃப்' சேர்த்து, செய்யாமல், செய்யப்போவதை மட்டும் சொல்லச் சொல்லி.

2025-ல் திறந்த புதுப் பாம்பன் பாலத்தை நோக்கி ரயில் ஒன்று போயிற்று. போனில் மேலதிகாரி, "மெஷின் கோளாறா?" என்று கேட்டது எனக்கே கேட்டது.

பையன் எச்சில் விழுங்கினான்.

"இல்லை சார், நான் எழுதினதுதான்."