பொங்கல் வாரத்து ஐ.என்.ஏ. மார்க்கெட்

தை பிறப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்னால் தில்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போனவர்களுக்கு அந்தக் குளிரைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காலை பத்து மணிக்கும் கலையாத மூடுபனி. குரங்குக் குல்லாயில் அப்பா, ஸ்வெட்டருக்கு மேல் சால்வை போர்த்திய அம்மா, இரண்டு பேர் கையிலும் ஒயர்கூடை. சஃப்தர்ஜங் ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் முத்ரிகா பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்தால், கடைகள் தெரியுமுன்பே மூக்கு கண்டுபிடித்துவிடும். முதலில் மீன் கவிச்சி, அப்புறம் பெருங்காயம், காபிப் பொடி, ஈரச் சாக்கில் சுற்றிய வாழையிலை.

மற்ற மாதங்களில் சம்பளம் வாங்கிய வாரம்தான் அங்கே போவோம். முருங்கைக்காய், வாழைத்தண்டு, சின்ன வெங்காயம், நல்லெண்ணெய், அப்பளம். பொங்கல் வாரம் வேறு. மண் உதிராத மஞ்சள் கொத்து வந்ததா, நம்மூர்க் கருப்புக் கரும்பு வந்ததா என்று குவார்ட்டர்ஸ் முழுக்க இதே விசாரணை. வந்துவிட்டதாம் என்று ஒரு மாமி பால் பூத்தில் சொன்னால் போதும், மறுநாள் அந்தச் சந்துகளில் தோளை இடிக்காமல் நடக்க முடியாது.

கரும்புக்குப் பக்கத்திலேயே எள்ளில் செய்த கஜக்கும் ரேவடியும் வேர்க்கடலையும் மலையாய்க் குவிந்திருக்கும். நமக்குப் போகி, அவர்களுக்கு லோஹ்ரி. விடியற்காலையில் நாங்கள் பழம்பாய் கொளுத்திய அதே முற்றத்தில் சாயங்காலம் எதிர்வீட்டு பஞ்சாபிக்காரர்கள் நெருப்பு வளர்ப்பார்கள். மறுநாள் எங்கள் பானை பொங்கும்போது அவர்கள் வீட்டுப் பிள்ளைகள்தான் எல்லாரையும்விட உரக்கக் கூவுவார்கள். அப்புறம் குளித்த ஈரத்தலையோடு மலை மந்திர் முருகன் கோயில்.

அந்தக் கூட்டத்தில் யார்தான் இல்லை! எங்கள் பாட்டியை ‘நீ’ போட்டு, “பாட்டி, தேங்காய் நல்லா இருக்கு, எடு” என்று தமிழ் பேசிய சர்தார்ஜி. நேந்திரங்காய் சிப்ஸை ஒரு கை அள்ளித் தின்னக் கொடுத்துவிட்டுத்தான் எடை போடும் சேட்டன். ஒவ்வோர் இலையாகத் துடைத்துக் கிழிசல் பார்த்துச் சுருட்டித் தரும் வாழையிலைக்காரப் பெரியவர். தூதரகக் காரில் வந்து சோயா சாஸும் கடற்பாசித் தாளும் வாங்கும் ஜப்பானியப் பெண்கள். ஜப்பான் துணையோடு 1942-ல் சிங்கப்பூரில் உருவாகி, அடுத்த வருஷம் நேதாஜியின் கைக்கு வந்த இந்திய தேசிய ராணுவத்தின் பெயர்தானே மார்க்கெட்டுக்கு! மலாயாத் தோட்டங்களிலிருந்து எத்தனை தமிழர்கள் அதில் சேர்ந்தார்கள்! ஜான்சி ராணிப் படைக்குத் தலைமை தாங்கியவரே சென்னையில் பிறந்த கேப்டன் லட்சுமி. அதையெல்லாம் அப்போது யார் நினைத்தார்கள்? முருங்கைக்காய் முற்றலா இளசா என்பதுதான் எங்கள் கவலை.

இந்தத் தடவை மெட்ரோவில் போனேன். 2010-லேயே வந்துவிட்ட ஸ்டேஷன். ஏறி வெளியே வந்தால் மார்க்கெட். நடை இல்லை, அதனால் அந்த வாசனை வரிசையும் இல்லை. கரும்பு இருந்தது, மஞ்சள் கொத்து இருந்தது, கூட்டமும் இருந்தது. தெரிந்த முகம்தான் ஒன்றுகூட இல்லை. வாழையிலைப் பெரியவரைப் பற்றிக் கேட்டேன். கடையில் இருந்த பையன் ஃபோனிலிருந்து தலையைத் தூக்கி, “யாரு?” என்றான்.

அவன் மேல் என்ன குற்றம்? நாமே அங்கே நிலைத்து இருந்தவர்களா? ரிட்டையரானதும் சாவியை ஒப்படைத்துவிட்டுத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறியவர்கள்தானே. நாம் விட்டுவந்த குவார்ட்டர்ஸும் இப்போது இல்லை. கிழக்குக் கித்வாய் நகரை இடித்து மாடிமேல் மாடியாய் எழுப்பிவிட்டார்கள். 2016-ல் இப்படி இடித்துக் கட்ட அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த ஏழு குடியிருப்புகளில் நேதாஜி நகரும் சரோஜினி நகரும் அடக்கம். மரங்களை வெட்டக்கூடாது என்று 2018-ல் ஜனங்கள் தெருவுக்கு வந்து நின்றார்கள். நாம் கயிற்றுக்கட்டில் போட்டு வெயில் காய்ந்த முற்றத்தை இனி எந்த மாடிக்கு அடியில் போய்த் தேடுவது?

அதனால்தான் உங்களைப் போல நானும் தில்லிக்குப் போனால் இந்தச் சந்துக்குள்ளேயே சுற்றுகிறேன். முருங்கைக்காய் வாங்கினேன், தேங்காய் வாங்கினேன். கறிவேப்பிலையைக் கட்டுக் கட்டாக ரப்பர் பேண்ட் போட்டு விலைக்கு வைத்திருந்தார்கள். அந்த நாளில் அம்மா அதற்குக் காசு கொடுத்ததே கிடையாது. கூடையை நீட்டிக்கொண்டே நிற்பாள், கடைக்காரர் சிரித்துக்கொண்டே ஒரு பிடி போடுவார். எனக்குக் கேட்க வாய் வரவில்லை. கொசுறு கேட்க மாதா மாதம் வருகிறவளாக இருக்க வேண்டும். காசு கொடுத்தே வாங்கிக்கொண்டேன்.