இரண்டு பதிவேடுகள்

கம்பம் பள்ளத்தாக்கில் எங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளிக்குத் தலைமையாசிரியர்கள் மாற்றலாகி வந்தார்கள், போனார்கள். எழுத்தர் இருந்தார். மணியடிக்கும் பியூன் இருந்தார். பள்ளி நடந்தது.

1972-இல் என்னை ஆறாம் வகுப்பில் சேர்க்கக் கூட்டிப் போனவர் சீயான். தாத்தாவை நாங்கள் அப்படித்தான் அழைப்போம். எழுத்தர் சேர்க்கைப் பதிவேட்டைப் பிரித்ததுமே சீயான் இடது பெருவிரலை நீட்டிவிட்டார்.

'பேரைச் சொல்லுங்க பெரியவரே, போதும்.'

யாரும் சிரிக்கவில்லை. ரேகைச் சட்டம் என்று எங்கள் பக்கத்தில் சொல்லும் குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-இல் நீக்கப்பட்டது. சீயானின் விரலுக்கு அது தெரிந்திருக்கவில்லை. அந்தச் சட்டத்தின் நிழலில் பிறந்த கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இன்றும் நடக்கின்றன. ரேகை வாங்கிய அரசாங்கமேதான் சிலேட்டும் கொடுத்தது.

கடைசியில் பாதுகாவலர் கையொப்பம். எழுத்தர் மைப்பெட்டியை எடுத்தார். என்ன நினைத்தாரோ, திரும்ப உள்ளே வைத்துவிட்டுப் பேனாவை என்னிடம் நீட்டினார். 'சீயான் பேரை நீயே எழுதுடா.'

விதிப்படி அது தவறு.

பதிவேடு என்றால் அதிகாரத்தின் கருவி என்று ஒரே வரியில் எழுதி முடித்துவிடுகிறோம். நானும் எழுதியிருக்கிறேன். பொய்யில்லை. ஒரு பதிவேடு சீயானை இரவில் ஊரைவிட்டு நகரவிடாமல் வைத்திருந்தது. இன்னொன்றிலிருந்து எடுத்த மாற்றுச் சான்றிதழோடு நான் ஊரைவிட்டு வந்தேன். இரண்டையும் எழுதியவர்கள் குமாஸ்தாக்கள்தாம். மைப்பெட்டியைத் திரும்ப உள்ளே வைத்த கையை மட்டும் என் வரியில் எங்கே சேர்ப்பதென்று தெரியவில்லை.