மலையிலிருந்து குளக்கரைக்கு

கல்லூரி நாட்களில் தொடங்கிய வழக்கம் அது. ஆண்டுதோறும் பிப்ரவரிக்கும் மே மாதத்துக்கும் இடையில், நண்பர்கள் மூவரும் பூண்டி அடிவாரத்தில் மூங்கில்தடி வாங்கி, இரவோடிரவாக வெள்ளியங்கிரியின் ஏழு மலைகளையும் ஏறிவிடுவோம். பக்தியா என்று கேட்டால் உறுதியாகச் சொல்லத் தெரியாது. கூரையில்லாத இடத்தில் விடியலைப் பார்க்கும் ஆசைதான் எங்களை இழுத்தது.

மூவரில் ஒருவருக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தபின் மலை நின்றுபோயிற்று. அவரை விட்டுவிட்டு ஏற மற்ற இருவருக்கும் மனம் வரவில்லை. இப்போது ஞாயிறு காலைகளில் சிங்காநல்லூர்க் குளக்கரையில் நடக்கிறோம். 2017இல் மாநகராட்சி நகர்ப்புறப் பல்லுயிர்ப் பாதுகாப்பு மண்டலமாக அறிவித்த குளம். கூழைக்கடாக்களும் நீர்க்காகங்களும் உண்டு. சாக்கடை நாற்றமும் உண்டு. தொடக்கத்தில் இது எங்களுக்கு ஒரு தோல்வியாகவே பட்டது.

ஒரு மழைக்காலத்தில் வாய்க்காலில் புதுவெள்ளம் வந்தபோது, பழைய மூங்கில்தடியை ஊன்றி நின்ற நண்பர், "இது நம்ம மலைத் தண்ணிதானப்பா" என்றார். உண்மைதான். வெள்ளியங்கிரிச் சரிவுகளில் பிறக்கும் நொய்யலே இக்குளத்துக்கு நீர் தருகிறது. கைதட்டிச் சுனையில் எத்தனையோ முறை தாகம் தீர்த்திருக்கிறோம்; அம்மலை நீர் எங்கே போகிறது என்று ஒருமுறையும் எண்ணிப் பார்த்ததில்லை.

அன்று வெயில் ஏறிய பின்னும் வீடு திரும்ப எங்களுக்கு மனமில்லை.