ரை விஸ்கியில் ஊறிய கறுவா

கறுவா விஸ்கி என்றால் இங்கே ரொறன்ரோவில் முதலில் கேட்பது ஃபயர்பால்தான். கனடாவில் பிறந்தது, 33 சதவீத அல்ககோல், தூக்கலான இனிப்பு. உறைகுளிரில் வைத்து ஒரே மடக்கில் இறக்குவார்கள். கூட்டாளிகளோடு குடிக்க அது நல்ல சரக்கு. பாரில் ஊற்றிக் கொடுக்கும் எனக்குப் பிடித்ததோ வேறு: விஸ்கியின் தானியச் சுவை கெடாமல் கறுவா மணப்பது. அதை நாமேதான் ஊறவைக்க வேண்டும்.

நாக்கில் எரிவது உண்மையான சூடல்ல. கறுவாவின் சினமால்டிஹைட், கடுகுக் காரத்தை உணர்கிற அதே நரம்பு உணர்வியைத் தூண்டுகிறது. அல்ககோல் அந்த எரிவை இன்னும் கூட்டும். தடித்த கசியாப் பட்டையில் இந்தக் காரம் ஓங்கி நிற்கும். நான் எடுப்பது இலங்கைக் கறுவா. மெல்லிய உட்பட்டைகள் அடுக்கடுக்காகச் சுருண்டிருக்கும். விரலால் அழுத்தினாலே நொறுங்கும். கிராம்பு வாசனைக்குக் காரணமான யூஜெனோல் அதில் இருக்கிறது. ஓக் பீப்பாயும் விஸ்கிக்கு அதே யூஜெனோலைக் கொடுக்கிறது. ரை தானியத்திலும் கிராம்பை ஒத்த ஒரு காரம் உண்டு. போத்தலுக்குள் போகும் கறுவாவுக்கு அங்கே ஏற்கனவே சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். இந்தப் பொருத்தத்துக்காகவே நான் ரையை விட்டு வேறெதிலும் இதைச் செய்வதில்லை.

750 மில்லிலீற்றர் ரைக்கு விரல் நீளத்தில் ஒரு கறுவா போதும். தூளாக்கிப் போடக்கூடாது, கலங்கிவிடும். மறுநாளிலிருந்து தினமும் ஒரு சொட்டு நாக்கில் விட்டுப் பார்க்க வேண்டும். முதலில் மணம் இறங்கும், அடுத்துக் காரம், கடைசியில் பட்டையின் துவர்ப்பு. காரம் நிறைந்து, துவர்ப்பு ஈறைப் பிடிக்குமுன் பட்டையை எடுத்துவிட வேண்டும். பிந்திவிட்டால் இனிப்புப் போட்டுத் துவர்ப்பை மறைக்கலாம், அகற்ற முடியாது. பிறகு கோப்பி வடிதாளில் வடித்து, ஓரிரு தேக்கரண்டி மேப்பிள் பாணி. அதற்கு மேல் விட்டால் ரை தெரியாது.

குளிரூட்ட வேண்டாம், குளிர் மணத்தை அமுக்கிவிடும். சில துளி தண்ணீர் விட்டு, மூக்கருகே கொஞ்சநேரம் பிடித்து, பிறகு சிறு மிடறாகக் குடிக்க வேண்டும்.

ஒன்ராறியோவில் அப்பிள் பறிக்கும் காலத்தில் புதிதாகப் பிழிந்த சாற்றைச் சூடாக்கி இதைச் சேர்ப்பேன். அப்பிளின் புளிப்பு, பாணியின் இனிப்பை அளவாக வெட்டும். சாற்றை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே விஸ்கி விட வேண்டும். கொதிக்கும்போது விட்டால் மணமெல்லாம் ஆவியோடு போய்விடும்.